கொல்லுதலும் கோருதலும்: தடைப்பட்ட பின்னணிப் பணிகளை நிறுத்துதல் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

கணினித் திரையில் ஒரு பணியைத் தொடக்கிவிட்டு அது முடியும்வரை காத்திருப்போர் அனைவரும் ‘இரத்துச் செய்’ என்னும் பொத்தானை அறிவர். தொலைவிலுள்ள ஒரு கணினியிலிருந்து கோப்பொன்றைப் பெற முயல்கையில் மறுமுனையிலிருந்து விடை வராதுவிடின், பயனாளருக்கு எஞ்சியிருக்கும் உரிமை அப்பொத்தான் ஒன்றே. அதனை அழுத்திய பின்பும் எதுவும் நிகழாத சந்தர்ப்பங்கள் பல. சாளரம் உறைந்து நிற்கும். அல்லது ‘இரத்துச் செய்யப்படுகிறது’ என்ற செய்தி மாத்திரம் தோன்ற, பணி முன்னர் முடங்கிக் கிடந்தவாறே கிடக்கும். தொடக்குவதற்கு இருந்த அதிகாரம் நிறுத்துவதற்கு ஏன் இல்லாமற் போயிற்று? இவ்வினாவுக்கு அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அதனைச் சுருக்கமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலக்கிய ஆய்வாளன் ஒருவன் இத்தகைய பொருளை எடுத்துக்கொள்வது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயின், கருவிகளின் வரலாறு அவற்றைச் செய்வோருக்கும் பயன்படுத்துவோருக்கும் இடையிலான உறவின் வரலாறும் ஆகும். மேலும், இத்துறையினர் ஒவ்வொரு காலகட்டத்திலும் தம் நடைமுறைக்கு இட்ட பெயர்களே சொல்லாராய்ச்சிக்கு உரியனவாய் உள்ளன. முதலில் ‘கொல்’ என்றனர். பின்னர் ‘இடையிற் கைவிடச் செய்’ என்றனர். அதன்பின் ‘உசார்ப்படுத்து’, ‘இடைமறி’ என்றனர். இன்று ‘நிறுத்துமாறு கோரு’ என்கின்றனர். கட்டளையிலிருந்து கோரிக்கைக்கு வந்த இச்சொல்வரிசை தற்செயலாக அமைந்ததன்று. பொறியியலாளரின் மனம் கனிந்தமையாலும் அது விளையவில்லை. பலர் ஒருங்கே பயன்படுத்தும் பொது நினைவகம் என்ற பௌதிக நிலைமையே அம்மாற்றத்தை வலிந்து ஏற்படுத்தியது என்பதே இங்கு நிறுவ முயலப்படும் கருத்தாகும்.

1. தனியுடைமையும் ‘கொல்’ என்ற கட்டளையும்

1950களில் கணினியைப் பயன்படுத்தியோர் துளையிட்ட அட்டைக் கட்டுகளை இயக்குநரிடம் ஒப்படைத்துவிட்டு, விடைக்காக மணிக்கணக்கிற் காத்திருந்தனர். பணியை நிறுத்தும் அதிகாரம் இயக்குநருடையது. பணிக்கு உரியவர் அவ்விடத்தில் இருப்பதே இல்லை. 1961இல் மசாசூசெட்ஸ் தொழினுட்ப நிறுவனத்தில் பெர்னாண்டோ கொர்பாட்டோவும் அவர்தம் குழுவினரும் நேரப்பகிர்வு முறைமை ஒன்றைச் செயற்படுத்திக் காட்டினர். பலர் ஒரே வேளையில் ஒரே கணினியோடு உரையாடும் நிலை உருவாகியதும், ஓடிக்கொண்டிருக்கும் தன் செய்நிரலைத் தானே நிறுத்தும் வாய்ப்பும் பயனாளரின் விரல் நுனிக்கு வந்தது. நிறுத்தும் உரிமை கைமாறிய முதற் சந்தர்ப்பம் இது எனலாம்.

1969இல் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சனும் டெனிஸ் ரிட்சியும் தொடங்கிய யுனிக்ஸ் முறைமை இவ்வுரிமைக்கு நிலையான வடிவம் தந்தது. ஓடும் செய்நிரல் ஒவ்வொன்றும் அங்கு ஒரு ‘செயன்முறை’. ஒவ்வொரு செயன்முறைக்கும் தனியான நினைவகம் உண்டு. ஒன்றின் நினைவகத்தில் மற்றொன்று கைவைக்க இயலாது. செயன்முறையை முடிவுக்குக் கொண்டுவரும் கட்டளைக்கு ‘கில்’, அதாவது கொல், என்று பெயரிட்டனர். பெயர் கொடியதாயினும் செயல் பெரும்பாலும் தீங்கற்றதே. இறந்த செயன்முறையின் நினைவகத்தையும் அது திறந்து வைத்த கோப்புகளையும் பணிசெயல் முறைமை மீட்டுக்கொள்ளும். பாதி எழுதப்பட்ட கோப்பொன்று எஞ்சக்கூடுமே அன்றி, அயற் செயன்முறைகளின் நினைவகம் சிதைவதில்லை. சொத்துத் தனியாக இருந்தமையாற் சாவும் தனியாக இருந்தது.

எனினும் ஒரு சிக்கல் அப்போதே தலைகாட்டியது. செயன்முறையானது முறைமையின் கருப்பகுதியிடம் ஒரு வேலையை ஒப்படைத்துவிட்டு அதற்குள் உறங்கிக்கொண்டிருக்கையில் நிறுத்தற் செய்தி வந்தால் என் செய்வது? ரிச்சர்ட் கேபிரியல் 1991இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில் இதனைப் பற்றிய உரையாடலொன்று பதிவாகியுள்ளது. மசாசூசெட்ஸ் மரபினர், செய்நிரலை வேலை தொடங்குமுன் இருந்த நிலைக்கே ஒழுங்காகப் பின்வாங்கச் செய்வதே முறை என்று கருதினர். அதற்குக் கருப்பகுதியில் மிகுந்த உழைப்பு வேண்டும். யுனிக்ஸ் மரபினரோ, வேலை முற்றுப்பெறவில்லை என்ற பிழைக்குறியைத் திருப்பியனுப்புவதோடு அமைந்தனர். அக்குறியைக் கவனித்து மீள முயல்வது செய்நிரல் எழுதுவோரின் பொறுப்பாயிற்று.

கேபிரியல் இதனை எளிமையின் வெற்றியாகவும் செம்மையின் தோல்வியாகவும் நோக்கினார். நாம் இதனைச் சற்று வேறுவிதமாக நோக்கலாம். செய்யப்படவேண்டிய உழைப்பின் அளவு குறையவில்லை. அது இடம் மாறிற்று. கருப்பகுதியை எழுதிய சிலரிடமிருந்து, அதன்மீது செய்நிரல் எழுதிய எண்ணற்றோரின் தலைக்கு அது இறக்கப்பட்டது. ஒருமுறை செய்யப்பட்டிருக்கக்கூடிய வேலை பல்லாயிரம் முறை செய்யப்படலாயிற்று. பலவேளைகளிற் செய்யப்படாமலே விடப்பட்டது. 1983இல் வெளிவந்த பேர்க்லி யுனிக்ஸின் 4.2ஆம் பதிப்பு, இடைமறிக்கப்பட்ட சில வேலைகளைத் தானே மீளத் தொடங்கும் வசதியைச் சேர்த்தமை இச்சுமையின் ஒரு பகுதியை மீண்டும் உள்ளே இழுத்துக்கொண்டமையே ஆகும்.

2. இழைகளும் பொது நினைவகமும்

ஒரே செய்நிரலுக்குள் பல வேலைகள் ஒருங்கே நடைபெற வேண்டிய தேவை தோன்றியபோது நிலைமை அடிப்படையில் மாறியது. இவ்வாறு ஒரே நினைவகத்தைப் பகிர்ந்தவாறு ஓடும் செயலோட்டங்களை இன்று ‘இழைகள்’ என்கிறோம். ஒல்லாந்தரான எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1965இல் எழுதிய ஆய்வு, ஒத்துழைக்கும் செயன்முறைகள் என்பதனையே தன் தலைப்பிற் கொண்டிருந்தது. பொதுப்பொருளை ஒரு வேளையில் ஒருவரே கையாளுமாறு காக்கும் கருவியையும் அவர் வகுத்தளித்தார். பூட்டு என நாம் இன்று வழங்குவது அதன் வழிவந்ததே.

பூட்டு ஏன் வேண்டும் என்பதனை நூலக உதாரணமொன்றால் விளக்கலாம். நூலொன்றின் அட்டையை ‘இருப்பில் உள்ளவை’ என்ற பெட்டியிலிருந்து எடுத்து ‘இரவல் போனவை’ என்ற பெட்டியில் இடவேண்டியுள்ளது. அட்டை கையில் இருக்கும் அக்கணத்தில் அந்நூல் எப்பெட்டியிலும் இல்லை. பதிவேடு பொய் சொல்லுகிறது. எனவே அறையைப் பூட்டிக்கொண்டு வேலையை முடித்து, பதிவேடு மீண்டும் மெய் சொல்லும் நிலையிற் பூட்டைத் திறக்கிறோம். அட்டையைக் கையில் வைத்திருக்கும் ஊழியர் அக்கணத்தில் மறைந்துபோனால் இரண்டில் ஒன்று நிகழும். பூட்டுத் திறக்கப்படாவிடின் ஏனையோர் அனைவரும் வாசலில் என்றென்றும் காத்து நிற்பர். பூட்டு எவ்வாறாயினும் திறக்கப்படின், உள்ளே வருவோர் பொய்யான பதிவேட்டை மெய்யென நம்பி மேலும் வேலை செய்வர். இரண்டாவதே கேடுமிக்கது, ஏனெனில் அது வெளியே தெரியாது.

பொதுவில் வைத்தவற்றைக் கையாள்பவரைக் கொல்லுதல் பொதுவையே சிதைக்கும். இவ்வுண்மையை முதலிலேயே உணர்ந்தோருள் பாலோ அல்டோவிலிருந்த ஸெரொக்ஸ் ஆய்வு நிலையத்தார் குறிப்பிடத்தக்கவர். அங்கு உருவான மேசா மொழியில் இழைகளைப் பயன்படுத்திய அனுபவத்தை பட்லர் லாம்ப்சனும் டேவிட் ரெடெலும் 1980இல் எழுதினர். மேசா முறைமையில் ஓர் இழை இன்னோர் இழையைக் ‘கைவிடச் செய்ய’ முயன்றால், அம்முயற்சி உடனே வெட்டி வீழ்த்துவதாக அமையவில்லை. இலக்கான இழை ஒரு நிபந்தனைக்காகக் காத்திருக்கும் இடத்திலேயே செய்தி அதனை எட்டும். எந்த இடத்தில் நிறுத்தப்படலாம் என்பது முன்கூட்டியே அறியப்பட்டதாயிற்று.

டிஜிட்டல் எக்குயிப்மன்ட் நிறுவனத்தின் ஆய்வு நிலையத்தில் இருந்த அன்ட்ரூ பிறெல், இழைகளைக் கொண்டு செய்நிரல் எழுதுவோருக்காக 1989இல் ஓர் அறிமுக நூலை எழுதினார். அதில் இவ்வழிமுறைக்கு இடப்பட்ட பெயர் ‘உசார்ப்படுத்தல்’. கொலையும் கைவிடலும் போய், தோளைத் தொட்டு விழிப்பூட்டும் சொல் வந்து சேர்ந்தமை நோக்கத்தக்கது. செய்தியைப் பெற்ற இழை, தன் கையிலுள்ள அட்டையை உரிய பெட்டியில் இட்டு, பூட்டைத் திறந்துவிட்டுத் தானே வெளியேறும்.

3. அறிந்திருந்தும் செய்த பிழை

1980களின் இறுதியில் ஆய்வு நிலையங்களில் இவ்வறிவு நிலைபெற்றிருந்தது. எனினும் 1990களில் இழைகள் சந்தைக்கு வந்தபோது பழைய வன்முறைக் கருவிகளும் உடன் வந்தன. 1993இன் விண்டோஸ் என்ரி முறைமையில் இழையொன்றை வெளியிலிருந்து வெட்டி வீழ்த்தும் கட்டளை இடம்பெற்றது. அவ்வாறு வீழ்த்தப்படும் இழை, நினைவகத்தைப் பங்கிட்டுத்தரும் பகுதியின் பூட்டைப் பிடித்திருக்குமாயின் அப்பூட்டு விடுவிக்கப்படாது என்று மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் கையேடே எச்சரிக்கிறது. 1995இன் பொசிக்ஸ் நியமம் நடுவழியை நாடியது. இழை குறித்த சில இடங்களில் மாத்திரமே நிறுத்தப்படலாம் என்பது இயல்பான நிலை. எங்கும் எப்போதும் நிறுத்தலாம் என்ற நிலையும் விரும்பினாற் கிடைக்கும்.

1996இல் வெளிவந்த யாவா மொழியின் வரலாறு இவற்றுள் மிகுந்த படிப்பினை தருவது. அதில் ‘ஸ்டொப்’ என்றோர் ஆணை இருந்தது. அது இலக்கான இழையில் ஒரு விதிவிலக்கை எவ்விடத்திலும் எழுப்பும். அவ்விதிவிலக்கு மேலேறிச் செல்லுகையில் இழை பிடித்திருந்த பூட்டுகள் அனைத்தும் திறந்துகொள்ளும். நம் நூலக உதாரணத்தின் இரண்டாவது கேடு இதுவே. 1998இல் யாவாவின் 1.2ஆம் பதிப்போடு இவ்வாணை பயன்படுத்தத் தகாதது என்று சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் அறிவித்து, அதற்கான காரணங்களையும் விளக்கி வெளியிட்டது. ஆயினும் ஆணை மொழியிலிருந்து நீங்கவில்லை. 2023இல் 20ஆம் பதிப்பு வந்தபோதுதான் அதனை அழைத்தாற் பிழையே விளையும் என்ற நிலை ஏற்பட்டது. தவறென்று ஒப்புக்கொண்டதற்கும் தவறு செயலற்றுப் போனதற்கும் இடையில் இருபத்தைந்து ஆண்டுகள் கழிந்தன.

இதனிடையே, யாவாவின் அனுபவம் கண்முன் இருக்கவே, மைக்ரோசொப்ட் 2002இல் வெளியிட்ட டொட்நெட் தளத்திலும் ‘அபோர்ட்’ என்ற ஒத்த ஆணை சேர்க்கப்பட்டது. அறிவு குறைவாயிருந்தமை இதற்குக் காரணமாக முடியாது. போட்டியிற் பண்டமாக விற்கப்படும் ஒரு தளம், வாங்குவோர் கேட்கும் உடனடி வசதியைத் தருவதில் முனைப்புக் காட்டும். அதன் விலையைப் பின்னாளிற் செலுத்துவோர் வேறெவரோ. இஃது என் விளக்கமேயாயினும், ஒரே பிழை அடுத்தடுத்து நிகழ்ந்தமைக்குத் தனிமனிதரின் கவனக்குறைவைக் காட்டிலும் இது பொருத்தமான காரணமாகத் தோன்றுகிறது.

டொட்நெட்டின் நான்காம் பதிப்பு 2010இல் புதியதோர் ஏற்பாட்டைக் கொணர்ந்தது. நிறுத்துமாறு கோரும் அதிகாரம் ஒரு பொருளாகவும், அக்கோரிக்கையைச் செவிமடுக்கும் வாய்ப்பு ‘அடையாளவில்லை’ என்ற இன்னொரு பொருளாகவும் பிரிக்கப்பட்டன. வில்லையைப் பெற்றவர் கோரிக்கை வந்துள்ளதா என்று பார்க்கலாம். தாமே கோரிக்கை விடுக்க இயலாது. 2020இல் வெளியான டொட்நெட் ஐந்தாம் பதிப்பு பழைய ‘அபோர்ட்’ ஆணையை வழக்கொழிந்ததென அறிவித்தது. சி பிளஸ் பிளஸ் மொழியின் 2020ஆம் ஆண்டு நியமமும் கோரிக்கை வழியிலான நிறுத்தத்தையே ஏற்றுக்கொண்டது.

4. கேட்க இயலாத இழை

இவ்வளவில் வரலாறு இனிது முடிந்ததெனக் கருதினால் அது தவறாகும். கோரிக்கை என்பதற்குக் கேட்பவர் ஒருவர் வேண்டும். கணக்கிடும் இழை இடையிடையே வில்லையைப் பார்க்கலாம். வலையமைப்பின் மறுமுனையிலிருந்து ஓர் எழுத்து வரும்வரை உறங்கும் இழையோ தன் செய்நிரலின் ஒரு வரியையும் ஓட்டுவதில்லை. ஆகவே வில்லையைப் பார்ப்பதற்கும் வழியில்லை. பயனாளர் ‘இரத்துச் செய்’ பொத்தானை நாடுவதோ பெரும்பாலும் இத்தகைய வேளையிலேதான். கோரிக்கை எப்போது மிகவும் தேவைப்படுகிறதோ அப்போதே அது செவியேறாது போகிறது. இதுவே இப்பொருளின் மைய முரண்பாடாகும்.

யாவாவின் ‘இடைமறி’ ஆணை தானாக உறங்கும் இழையை எழுப்பும். பழைய முறையிலான வலைத்தொடுப்பிலிருந்து வாசிக்கக் காத்திருக்கும் சாதாரண இழையை எழுப்பாது. அனுபவமுள்ளோர் கண்ட வழி, வேறோர் இழையிலிருந்து அத்தொடுப்பையே மூடிவிடுவதாகும். காத்திருந்த இழை அப்போது பிழைச்செய்தியோடு விழித்தெழும். ஆளைத் தொடாது, அவர் எதற்காகக் காத்திருக்கிறாரோ அதனை நீக்கிவிடும் உபாயம் இது. 2002இல் யாவாவின் 1.4ஆம் பதிப்பு தந்த புதிய தொடுப்புகள் இவ்வுபாயத்தையே மொழியின் இயல்பாக்கின. அங்கு இடைமறித்தால் தொடுப்பு மூடப்பட்டு இழை விழித்துக்கொள்ளும்.

விண்டோஸில், காத்துக்கிடக்கும் வேறோர் இழையின் வாசிப்பையோ கோப்புத் திறப்பையோ இரத்துச் செய்யும் வசதி 2007இன் விஸ்டா பதிப்போடு பரவலாகக் கிடைத்தது. இதுவும் சாதனத்தை இயக்கும் அடிநிலைச் செய்நிரல் இரத்தை ஏற்றுக்கொள்ளுமாறு எழுதப்பட்டிருந்தாலேயே பலிக்கும். யுனிக்ஸ் மரபிலோ, வட்டின் விடை விரைவில் வந்துவிடும் என்ற ஊகத்தில் அக்காத்திருப்பை இடைமறிக்க இயலாததாக அமைத்திருந்தனர். 1980களின் நடுப்பகுதியில் வலையமைப்புக்கு அப்பாலுள்ள கோப்புகளும் உள்ளூர்க் கோப்புகள் போலத் தோற்றம் பெற்றபோது அவ்வூகம் பொய்த்தது. தொலைவிலுள்ள கணினி விழுந்தால் ‘கொல்’ என்ற கட்டளைக்கும் செயன்முறை மசியாது. லினக்ஸ் முறைமையின் 2.6.25ஆம் பதிப்பு 2008இல், கொல்லும் செய்திக்கு மாத்திரம் விழித்தெழும் புதிய உறக்க நிலையொன்றை ஏற்படுத்தி இதற்கு ஓரளவு தீர்வு கண்டது. மேற்றளத்தில் எவ்வளவு செம்மையான உரிமை வரையப்பட்டாலும், அடித்தளம் அதனை ஏற்காதவரை அது ஏட்டளவிலேயே நிற்கும் என்பது இதனாற் பெறப்படும்.

5. பொத்தானின் நேர்மை

சாளரங்களையும் பொத்தான்களையும் கொண்ட செய்நிரல்களில் இம்முரண்பாடு பயனாளரின் கண்முன்னே தோன்றுகிறது. விண்டோஸிலும் யாவாவின் ஸ்விங் நூலகத்திலும் ஒரு சாளரத்தை வரைவதும் பொத்தானின் அழுத்தத்தைப் பெறுவதும் ஒரே இழையின் பணி. அவ்விழை தானே வலையமைப்புக்காகக் காத்திருக்குமாயின் ‘இரத்துச் செய்’ பொத்தானை அழுத்தியதைக் கேட்பதற்கும் ஆளில்லை. 2001இன் விண்டோஸ் எக்ஸ்பீ முறைமை, ஐந்து விநாடிகள் செய்திகளுக்கு விடையிறுக்காத சாளரத்தின் இடத்தில் அதன் ஆவியுருவை நிறுத்தியது. அதனை நகர்த்தலாம், அளவு மாற்றலாம், மூடலாம்; வேறெதற்கும் அது பெரிதாகப் பயன்படாது. உரிமைக்குப் பதிலாக உரிமையின் நிழல் வழங்கப்பட்டது.

நீண்ட பணிகளைப் பின்னணி இழைக்கு மாற்றும் கருவிகள் 2005இல் டொட்நெட்டிலும் 2006இல் யாவாவிலும் நிலையான இடம் பெற்றன. இங்கும் ஓர் ஏமாற்று ஒளிந்திருந்தது. டொட்நெட்டின் பின்னணிப் பணியாளரிடம் இரத்துக் கோரும் ஆணை ஒரு கொடியை உயர்த்துவதோடு சரி. பணியின் செய்நிரல் அக்கொடியைப் பார்க்குமாறு எழுதப்படாவிடின் எதுவும் நிற்காது. பொத்தான் அழுந்தும், சொல்லும் மாறும், பணி மாறாது. மேலும், கோரிக்கை சென்று சேருமுன் பணி முடிந்தும் இருக்கலாம். பணம் செலுத்தும் பணியை இரத்துச் செய்துவிட்டதாக நம்பி மீண்டும் செலுத்துபவர், ஒருமுறைக்கு இருமுறை பணத்தை இழக்கக்கூடும். ஆகவே ‘நிறுத்தக் கோரினேன்’ என்பதும் ‘நின்றது’ என்பதும் வெவ்வேறு கூற்றுகள். நின்றதா, முன்னரே முடிந்ததா, முடிவு தெரியவில்லையா என்ற மூன்றையும் வேறுபடுத்திச் சொல்லாத பொத்தான் பயனாளருக்கு உண்மை சொல்வதாகாது.

எவ்வழியாலும் எழுப்ப இயலாத இழையைக் கைவிட்டு, அதன் விடை பின்னர் வந்தாலும் ஏற்காதொழிவது ஒரு நடைமுறை. பயனாளர் விடுபடுவார், ஆயின் அவ்விழையும் அது பிடித்திருக்கும் வளங்களும் உள்ளே தேங்கும். காத்திருப்புக்குக் கால வரையறை இடுவது இன்னொரு வழி. இவற்றினும் உறுதியானது, நம்பத்தகாத பணியைத் தனிச் செயன்முறையில் ஓட்டி, வேண்டியபோது அதனைக் கொன்றுவிடுவதாகும். 2008இல் கூகிள் நிறுவனம் வெளியிட்ட குரோம் உலாவி வெவ்வேறு பக்கங்களைத் தனித்தனிச் செயன்முறைகளாகப் பிரித்தமை பலரும் அறிந்த உதாரணம். வரலாறு யுனிக்ஸின் தொடக்கப் புள்ளிக்கே திரும்பியதுபோல் இது தோன்றலாம். ஆனால் எது பொதுவில் இருத்தல் வேண்டும், எது தனித்திருத்தல் வேண்டும் என்பதனை ஒரே செய்நிரலுக்குள் தெரிந்து பிரிக்கும் அறிவோடு நிகழ்ந்த திரும்புதல் அது. நிலைமறுப்பின் நிலைமறுப்பு என்று இயங்கியலார் கூறுவது இத்தகைய வளர்ச்சியையே.

இழைகளை மனிதராகவும் பூட்டுகளைச் சமூக நிறுவனங்களாகவும் நேருக்கு நேர் பொருத்திப் பார்ப்பது கொச்சைப் பொருள்முதல்வாதமாகும். அது இக்கட்டுரையின் கருத்தன்று. இழைக்கு நலன் இல்லை. அதனை எழுதியவருக்கும் அதன்முன் காத்திருப்பவருக்குமே நலன் உண்டு. காத்திருக்கும் எழுதுவினைஞர், மாணவர், நோயாளி ஆகியோரின் நேரம் எந்நிறுவனத்தின் கணக்கேட்டிலும் செலவாக எழுதப்படுவதில்லை. கருப்பகுதியிலும் சாதன இயக்கிகளிலும் மிச்சம் பிடிக்கப்பட்ட உழைப்பு, இறுதியில் அவர்களிடமிருந்தே அறவிடப்படுகிறது. நிறுத்தும் உரிமை பொத்தானொன்றை வரைவதாற் கிடைப்பதன்று. பொத்தானை வரைபவர், நூலகம் எழுதுபவர், கருப்பகுதியைப் பேணுபவர், சாதன இயக்கியை ஆக்குபவர் ஆகிய அனைவரும் தத்தம் படியில் அதற்கு இடம்விட்டாலன்றி, கீழ்ப்படியில் ஒருவர் மறந்ததற்காக மேற்படியில் ஒருவர் உறைந்த சாளரத்தின் முன் அமர்ந்திருக்கவே நேரும்.